மழை லீவுல பிள்ளைகளை வீட்டுல எப்படிப் படிக்க வைக்க? (குமரி மாவட்டம்)

தொடுவெட்டிக்காரி | புதன், இரவு 9:50

எல்லாருக்கும் வணக்கம். திங்கள்கிழமை தொடங்கின மழை லீவு இன்னும் முடியல்ல. வீட்டுல ரெண்டு பிள்ளைய. மோன் ஒம்பதாங்கிளாஸ், மோள் நாலாங்கிளாஸ். வீட்டுக்காரர் கத்தார்ல. நான் மார்த்தாண்டத்துல ஒரு ஜவுளிக்கடையில பில் போடுகேன். காலையில ஒம்பதுக்கு இறங்கினா வீடு வந்து சேர ராத்திரி எட்டு ஆகும். கடைக்கு மழை லீவு கிடையாதே.

பிள்ளைகளைப் பாத்துக்கிடுகது மாமியார். 78 வயசு. படிச்சது நாலாங்கிளாஸ் வரை, அதுவும் திருவிதாங்கூர்-கொச்சி காலத்துல மலையாளத்துல. தமிழ் எழுத்து அவ்வளவா வராது.

ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்புல காலையில இருந்து பிடிஎஃப்பா வந்து விழுது. வீட்டுல ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அது எனக்க கையில கடையில இருக்கு. ராத்திரி வந்து கஞ்சி வச்சு, கறி வச்சு, பிறவு அதைத் திறந்து மோளை எழுத வச்சு, போட்டோ எடுத்து அனுப்பினா ஒரு கட்டைவிரல் படம் பதிலா வரும். அவ்வளவுதான். தலை ஆட ஆட எழுதுகா பிள்ளை, பாவமா இருக்கு.

மோன்கிட்ட கேட்டா “படிச்சாச்சு” ங்கான். என்ன படிச்சன்னு கேட்டா முழிக்கான்.

வீட்டுல ஆளே இல்லாத, கரண்டும் நிக்காத இந்த நிலைமையில என்னதான் செய்ய முடியும்? நடக்கக்கூடிய காரியமா யாராவது சொல்லுங்க.

ஆரல்_காற்று | புதன், இரவு 10:05

எங்க ஆரல்வாய்மொழியில மழையே இல்ல. காத்தாடி சுத்துது, வெயில் அடிக்குது. லீவு மட்டும் மாவட்டம் முழுக்க. பிள்ளைய எல்லாம் கிரவுண்டுல கிரிக்கெட். இதுக்குப் பதிலா ஒரு சனிக்கிழமை வேலைநாளா வைப்பாங்க, அன்னைக்குத்தான் எங்க ஊர்ல மழை கொட்டும்.

சரி, நான் உதவிக்கு ஆகாத ஆளு. கேக்க வந்தேன்.

வடசேரி_அப்பா | புதன், இரவு 10:20

சகோதரி, முதல்ல ஒரு டைம்டேபிள் போடுங்க. காலை 9:30-க்கு ஸ்கூல் மாதிரியே உக்காரணும். முதல் பீரியட் கணக்கு, ரெண்டாவது அறிவியல், இப்படி. கல்வித் தொலைக்காட்சி 2019-லேயே வந்தாச்சு, யூடியூப்லயும் அதோட பாடம் எல்லாம் கிடக்கு. பாடப்புத்தகத்துல இருக்கிற கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணினா தீக்‌ஷா செயலியில வீடியோ வரும். 6-ல இருந்து 12 வரைக்கும் மணற்கேணின்னு அரசு செயலி 2023-ல வந்துச்சு. மகனுக்கு ஒரு பழைய டேப் வாங்கிக் குடுத்தா பாதிப் பிரச்சினை முடிஞ்சுது.

ரப்பர்_வெட்டு | புதன், இரவு 10:31

அண்ணாச்சி, குலசேகரத்துக்கு மேல நேத்து மத்தியானம் போன கரண்டு இப்பந்தான் வந்துது. டேப்பு எதுல சார்ஜ் ஏறும்? டைம்டேபிள் போட்டு உக்கார வைக்க ஒரு ஆளு வேணுமே. அந்த அக்கா கடையில நிக்கிறாங்க.

வேர்க்கிளம்பி_டீச்சர் | வியாழன், காலை 6:15

மக்களே, நான் தொடக்கப்பள்ளியில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ. நீ எழுதினதை ராத்திரியே வாசிச்சேன். கொஞ்சம் நீளமா சொல்லுகேன், பொறுத்துக்கோ.

வீட்டைப் பள்ளிக்கூடம் ஆக்காண்டாம். ஆகாது. பள்ளிக்கூடத்துலயே அஞ்சு மணி நேரம் பிள்ளை படிக்கல்ல, பாதி நேரம் வரிசையில நிக்கவும் நோட்டு எடுக்கவும் போகும். ஆனா வீட்டுல மட்டும் நடக்கக்கூடிய காரியம் ஒண்ணு உண்டு. முப்பது நாப்பது பிள்ளைய இருக்க வகுப்புல ஒரு பிள்ளை ஒரு பக்கத்தை முழுசா வாயைத் திறந்து வாசிக்கதைக் கேக்க டீச்சருக்கு நேரம் கிடைக்காது. உனக்க வீட்டுல அதைக் கேக்க ஒரு ஆளு நாள் முழுக்க இருக்கு. உனக்க மாமியார்.

தமிழ் வாசிக்கத் தெரியாதுன்னு தள்ளாதே. தமிழ் பேசுகாங்க இல்லியா? பிள்ளை “தோட்டத்தில் கொக்கு நின்றது” ங்கதை “தொட்டத்தில் கோக்கு நின்றது” ன்னு வாசிச்சா, “அது என்ன பிள்ளே தொட்டம்? கோக்குன்னா என்ன?” ன்னு கேக்க எழுத்து தெரியாண்டாம். காது போதும். அந்த ஒரு கேள்வியில பிள்ளை தானே திரும்பிப் பார்த்துத் திருத்தும். நாம முந்திக்கிட்டு “தோ... தோட்டம்” னு எடுத்துக் குடுத்தோம்னா, அது நம்ம முகத்தைத்தான் பார்க்கும், எழுத்தைப் பார்க்காது.

இந்தத் தப்புதான் நாலாங்கிளாஸ்ல ரொம்ப. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் கண்ணுக்கு ஒண்ணு போலத் தெரியும். ராத்திரி உனக்கு அஞ்சு நிமிஷம் கிடைச்சா ஒரு தாள்ல கொடு-கோடு, தொடு-தோடு, மெல்-மேல், இப்படி அஞ்சு ஜோடி எழுதி வச்சிட்டுப் போ. அடுத்த நாள் அது வேலை.

எந்தப் புத்தகம் வாசிக்க? நாலாங்கிளாஸ் புத்தகம் பள்ளியில இருந்தாலும் பரவால்ல. போன பருவத்துப் புத்தகம் வீட்டுல கிடக்கும். முதல்ல ரெண்டாங்கிளாஸ் புத்தகத்துல ஒரு பத்தி குடுத்துப் பாரு. தடங்காம வாசிச்சா மூணு, அப்பம் நாலு. தடங்கிச்சுன்னா அங்கேயே நில்லு. வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

கணக்குக்கும் இப்படி ஒரு சோதனை சொல்லுகேன். 403-ல இருந்து 178-ஐக் கழிக்கச் சொல்லு. 225 வந்தா நல்லது. 375 வந்துதுன்னா பிள்ளை கவனமில்லாம போட்டதுன்னு அடிக்காதே. அது ஒரு முறை வச்சுத்தான் போட்டிருக்கு: ஒவ்வொரு இடத்துலயும் பெரிய எண்ணுல இருந்து சின்னதைக் கழிச்சிருக்கு. எட்டுல மூணு போனா அஞ்சு, ஏழுல பூஜ்யம் போனா ஏழு. கடன் வாங்கத் தெரியல்ல, அதுவும் நடுவுல பூஜ்யம் இருந்தா யாருகிட்ட வாங்கன்னு தெரியல்ல. இதுக்குப் பாட்டியும் பேத்தியும் கடை விளையாடினா போதும். நாலு நூறு ரூபா நோட்டும் மூணு ஒரு ரூபாயும் பேத்தி கையில. 178 ரூபாய்க்குச் சாமான். சில்லறை இல்லியே? நூறை மாத்தி பத்து பத்து ரூபா, அதுல ஒரு பத்தை மாத்தி பத்து ஒரு ரூபா. தாள்ல எழுதி வெட்டின நோட்டு போதும். பாட்டிக்குக் கணக்கு மலையாளத்துல படிச்சாலும் தமிழ்ல படிச்சாலும் ஒண்ணுதானே.

இவ்வளவும் அரை மணி நேரம் வாசிப்பு, அரை மணி நேரம் கணக்கு. மீதி நேரம் பிள்ளை விளையாடட்டும். பிடிஎஃப்பை நீ ராத்திரி பத்து மணிக்குத் திறக்காதே.

தொடுவெட்டிக்காரி | வியாழன், காலை 8:20

டீச்சர், காலையில இறங்குறதுக்கு முந்தி 403 கழித்தல் 178 குடுத்தேன். 375! அப்படியே. எனக்குச் சிரிப்பும் வந்துது, சங்கடமும் வந்துது. மாமியார்கிட்ட நோட்டு வெட்டிக் குடுத்திருக்கேன்.

மோனுக்கு என்ன செய்ய? அவனுக்கு அல்ஜிப்ரா தலையில ஏறவே மாட்டேங்குது. டியூசன் சார் “அடிப்படை இல்ல” ங்கார். அடிப்படைன்னா எதுன்னு சொல்ல மாட்டேங்கார்.

வேர்க்கிளம்பி_டீச்சர் | வியாழன், காலை 8:55

மோன் 2020-ல எந்தக் கிளாஸ்ல இருந்தான்?

தொடுவெட்டிக்காரி | வியாழன், மதியம் 1:40

மூணு முடிச்சு நாலு போகணும். நாலு முழுசும் வீட்டுலதான். அஞ்சுலயும் பாதி.

(சாப்பாட்டு நேரம், கடைக்குப் பின்னால நின்னு டைப் பண்ணுகேன்.)

வேர்க்கிளம்பி_டீச்சர் | வியாழன், மதியம் 2:10

அப்பம் அடிப்படை எங்கன்னு தெரிஞ்சு போச்சு. 2020 மார்ச்சுல அடைச்ச பள்ளியை 1 முதல் 8 வரை உள்ள பிள்ளைகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1-ல. அதுக்குப் பிறவும் நம்ம மாவட்டத்துல நடந்தது ஞாபகம் இருக்கா? அதே நவம்பர் நடுவுல வெள்ளம், திரும்ப லீவு. உனக்க மோனுக்கு விட்டுப் போனது நாலு, அஞ்சுல வர்ற பின்னமும் வகுத்தலும். பின்னம் வராதவனுக்கு ஒம்பதாங்கிளாஸ் இயற்கணிதம் எப்படி வரும்? அரையும் காலும் கூட்டச் சொல்லு. ஆறுல ரெண்டுன்னு சொல்லுவான், பாரு. மேல உள்ளதை மேல கூட்டி, கீழ உள்ளதைக் கீழ கூட்டி.

அவன்கிட்ட நாலாங்கிளாஸ் புத்தகத்தைக் குடுத்து படின்னா மூஞ்சியில எறிவான். வயசு அப்படி. அதனால தங்கச்சிக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்லு. புத்தகம் அவளுது, பாடம் அவனுக்கு. அவ “ஏன் அண்ணா?” ன்னு கேக்கும்போது பதில் சொல்ல அவன் யோசிக்கணும் இல்லியா, அங்கதான் அவன் படிக்கான். நான் பணியில இருந்த காலத்துல அஞ்சாங்கிளாஸ்ல பின்தங்கின பிள்ளைகளை ஒண்ணாங்கிளாஸுக்கு வாசிச்சுக் காட்ட அனுப்புவேன். ரெண்டு பேருக்கும் பலன் உண்டு.

வடசேரி_அப்பா | வியாழன், மாலை 6:30

டீச்சர் மேல மரியாதை உண்டு. ஆனா இதை ஒத்துக்க முடியல. பையன் ஒம்பது. அடுத்த வருஷம் பத்து, போர்டு எக்ஸாம். அவனுக்க நேரத்தை எடுத்துத் தங்கச்சிக்கு டியூசன் எடுக்க வச்சா அவனுக்க போர்ஷன் என்ன ஆகும்? கொரோனாவுல இப்படி மெத்தனமா விட்டதோட விலையை எங்க வீட்டுலயே பார்த்தோம். 2021-ல பிளஸ் டூ பரீட்சையே ரத்து. அண்ணன் மகன் பரீட்சை எழுதாமலே பாஸ் ஆகி இன்ஜினியரிங் போனான், முதல் செமஸ்டர்ல கணக்குல விழுந்து எழும்பவே ரெண்டு வருஷம் ஆச்சு. பெரிய கிளாஸ் பிள்ளைகளுக்கு லைவ் கிளாஸ் கண்டிப்பா வேணும். பாட்டியை வச்சு பிசிக்ஸ் நடத்த முடியாது.

சின்னத்துறை_அலை | வியாழன், இரவு 7:15

வடசேரி அண்ணா சொன்னதுல எனக்குப் பாதி சம்மதம், வேற காரணத்துக்கு. மூத்தது சொல்லிக் குடுக்கட்டும்னு சொல்லும்போது மூத்தது ஆண் பிள்ளையா பெண் பிள்ளையான்னு பார்க்கணும். எங்க கடற்கரையில அப்பா ஆழ்கடல் போனா திரும்பி வர வாரக்கணக்கு ஆகும். அம்மா மீன் விக்கப் போவாங்க. மூத்தது பெண்ணா இருந்தா “தம்பிக்குச் சொல்லிக் குடு” ல தொடங்கி “தம்பிக்குச் சோறு குடு, துணி அலசு, தண்ணி பிடிச்சு வை” ல போய் நிக்கும். அவ புத்தகம் மூடியே கிடக்கும். லீவு முடியும்போது தம்பி ஒரு பாடம் முந்தி, அக்கா ரெண்டு பாடம் பிந்தி. அதனால நேரம் சொல்லுங்க டீச்சர். அரை மணி நேரம்னா அரை மணி நேரம், அதுக்கு மேல கிடையாதுன்னு.

வேர்க்கிளம்பி_டீச்சர் | வியாழன், இரவு 7:40

நீ சொன்னது சரி மக்களே. அரை மணி நேரம்தான். அதுவும் வீட்டு வேலை கணக்குல சேராது.

வடசேரி தம்பிக்கு: பிளஸ் டூ பிசிக்ஸுக்கு வகுப்பு வேணும்னு நீங்க சொல்லுகது நியாயம். நான் மறுக்கல்ல. ஆனா ஒம்பதாங்கிளாஸ் பையனுக்குப் பின்னம் தெரியாம போர்ஷன் முடிச்சு என்ன பிரயோஜனம்? அஸ்திவாரம் போடாம மாடி கட்டுகது போல.

மீதி நேரத்துக்கு அவனுக்கு ஒரு வழி சொல்லுகேன். ஒரு பக்கம் வாசிக்கட்டும். புத்தகத்தை மூடட்டும். ரஃப் நோட்டுல ஞாபகம் இருக்கதை எல்லாம் பார்க்காம எழுதட்டும். பிறவு திறந்து பார்த்து விட்டுப் போனதைச் சிவப்பு மையில சேர்க்கட்டும். அடுத்த நாள் முதல் வேலை, நேத்து சிவப்புல எழுதினதை மட்டும் திரும்பப் பார்க்காம எழுதுகது. ராத்திரி நீ நோட்டை வாங்கிப் பாரு, மக்களே. பாடம் உனக்குப் புரியாண்டாம். சிவப்பே இல்லாத பக்கம் இருந்தா பார்த்து எழுதியிருக்கான்னு அர்த்தம். “படிச்சாச்சு” ங்கதுக்கு அதுதான் அத்தாட்சி.

வடசேரி_அப்பா | வியாழன், இரவு 8:05

அந்த சிவப்பு மை வழி கொள்ளாம், நல்லாருக்கு. என் மகளுக்கும் சொல்றேன்.

ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன். தீக்‌ஷாவுல பாடத்தை முன்கூட்டியே இறக்கி வச்சா நெட் இல்லாமலும் ஓடும். கரண்டு இருக்கிற ராத்திரி அடுத்த நாளுக்கு உள்ள ஒரு பாடம் மட்டும் இறக்கி வைங்க. பத்து இறக்கினா ஒண்ணும் பார்க்க மாட்டாங்க.

ரப்பர்_வெட்டு | வியாழன், இரவு 8:40

எனக்க வீட்டு நிலைமை வேற. மழைன்னா பிள்ளைக்கும் லீவு, எனக்கும் லீவு. ரெயின்கார்டு (மழைத் தண்ணி படாம கட்டுற மறைப்பு) போடாத ரப்பர் மரத்துல மழை நாள்ல வெட்டு கிடையாது, வெட்டினாலும் பால் தண்ணியோட ஒழுகிப் போவும். கூலியும் கிடையாது. அதனால நான் வீட்டுலதான் இருக்கேன், ஆனா எட்டாங்கிளாஸோட நின்னவன். மோன் ஒம்பது. அவனுக்கு நான் என்ன சொல்லிக் குடுக்க?

நேத்து சும்மா இருக்கும்போது ஒரு கணக்கு போட்டோம். சொன்னா சிரிப்பீங்க.

30 கிலோ ரப்பர் பால், டிஆர்சி (பால்ல உள்ள காய்ஞ்ச ரப்பர் சதவீதம்) 36. காய்ஞ்ச ரப்பர் எவ்வளவு? அவன் சதவீதம் படிச்சிருக்கான், 10.8 கிலோன்னு போட்டான். சரி, இதுல ஒருத்தன் 6 கிலோ தண்ணி ஊத்திட்டான், இப்பம் டிஆர்சி எவ்வளவு? அவன் டக்குன்னு 36-ல இருந்து 6 போனா 30-ன்னான். விடை 30-தான், ஆனா வழி தப்பு! நான் விடல்ல. 12 கிலோ தண்ணி ஊத்தினா 24-ஆன்னு கேட்டேன். உக்காந்து போட்டான். மொத்தம் 42 கிலோ, ரப்பர் அதே 10.8, வகுத்தா 25.7 வருது. 24 இல்ல. அப்பந்தான் அவனுக்குத் தெளிஞ்சுது, தண்ணி எவ்வளவு ஊத்தினாலும் ரப்பர் அந்த 10.8-தான், கூடவும் செய்யாது குறையவும் செய்யாதுன்னு.

“பிறவு என்னத்துக்குப்பா ஆளுங்க தண்ணி ஊத்துகாங்க?” ன்னு கேட்டான். அது கணக்குப் பாடம் இல்ல மோனேன்னு சொல்லிட்டேன்.

ரப்பர் கடையில பாலுக்குள்ள மானியை மிதக்க விட்டு டிஆர்சி பார்ப்பாங்க இல்லியா, அது அவனுக்க அறிவியல் புத்தகத்துல பாய்மங்கள் பாடத்துல திரவமானின்னு கிடக்கு. அவன்தான் எடுத்துக் காட்டினான். இவ்வளவு காலம் அதைக் கையில தொட்டுப் பார்த்திருக்கேன், புத்தகத்துல உள்ள சாமான்னு தெரியாது.

வேர்க்கிளம்பி_டீச்சர் | வியாழன், இரவு 8:52

எட்டாங்கிளாஸோட நின்னவராம்! நீங்க 12 கிலோ கேள்வி கேட்டீங்க பாருங்க, அதைக் கேக்கத் தெரிஞ்ச வாத்தியார் கொஞ்சம் பேருதான். விடை சரியா வந்தா டிக் அடிச்சிட்டுப் போறவங்கதான் கூட.

ஆரல்_காற்று | வியாழன், இரவு 9:00

தோவாளை பூச்சந்தையில வச்சு இப்படி ஒரு கணக்கு போடலாமான்னு பார்க்கேன். மழை ஈரத்துல பிச்சிப்பூ எடை கூடும், விலை குறையும். என் மகளுக்குப் பிடிக்கும்.

மலையோரம்_தன்னார்வலர் | வெள்ளி, காலை 7:30

நான் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துல மாலை வகுப்பு எடுத்தவ. பேச்சிப்பாறைக்கு மேல உள்ள காணி பழங்குடி குடியிருப்புகள்ல சிலதுக்கு அணையில படகுலதான் போகணும். மழை கூடினா படகு ஓடாது, தரைப்பாலம் முங்கிரும். அங்க உள்ள பிள்ளைகளுக்கு மாவட்டம் லீவு விடாத நாள்லயும் லீவுதான். கொரோனா சமயத்துல சிக்னல் தேடிப் பாறை மேல ஏறி நின்ன பிள்ளைகளை நானே பார்த்திருக்கேன். அங்க வாட்ஸ்அப் பிடிஎஃப் பேச்சுக்கே இடம் இல்ல.

எங்களுக்குக் கை குடுத்தது தாள்தான். ஒரு பழைய நோட்டுல பிள்ளைக்குத் தக்கபடி கையால எழுதின பத்து நாள் வேலை. மழைக்காலம் தொடங்குறதுக்கு முந்தியே குடுத்து வச்சிருவோம், பிளாஸ்டிக் கவர்ல போட்டு. லீவு அறிவிச்ச பிறவு குடுக்கலாம்னு நினைச்சா நடக்காது, ராத்திரி அறிவிப்பாங்க, காலையில பிள்ளை வராது. புத்தகமும் பள்ளியில கிடக்கும்.

இன்னொரு காரியம் யாரும் சொல்லல்ல. அரசுப் பள்ளியில சின்னப் பிள்ளைகளுக்குக் காலையில சாப்பாடு உண்டு, மத்தியானம் முட்டையோட சோறு உண்டு. பள்ளி அடைச்சா ரெண்டும் இல்ல. அதே நாள்ல அப்பனுக்கு வெட்டும் இல்ல, அம்மைக்கு அண்டி ஆபீஸும் (முந்திரி ஆலை) இல்ல. வயித்துல ஒண்ணும் இல்லாத பிள்ளைகிட்ட போய் வாசின்னு சொன்னா அது என்ன வாசிக்கும்? பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து உக்கார வச்சுப் படிக்க வைக்கிறவங்க, முதல்ல கொஞ்சம் மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) அவிச்சு வைங்க.

குழித்துறைக்காரன் | வெள்ளி, காலை 8:10

படிப்பு எல்லாம் சரி. சப்பாத்து (தரைப்பாலம்) மேல வெள்ளம் போகுது, பாக்கதுக்குப் பிள்ளைய கூட்டம் கூட்டமா நிக்குது. நேத்து நான் நாலு பேரை விரட்டி விட்டேன். தாய் தகப்பன் வேலைக்குப் போற வீடுகள்ல பெரியவங்க இதை மட்டும் பாத்துக்கிடுங்க. குளத்துக்கரை, தோட்டுக்கரை (ஓடைக்கரை), அறுந்து கிடக்கிற கரண்டு கம்பி, மூணு பக்கமும் விடாதீங்க.

சின்னத்துறை_அலை | வெள்ளி, காலை 9:25

2017 நவம்பர் 30 ஓகி புயல் வந்தப்ப நான் பதினொண்ணாங்கிளாஸ். நீரோடியில இருந்து இரவிபுத்தன்துறை வரைக்கும் வீட்டுக்கு வீடு கடலுக்குப் போன ஆளைக் காணோம்னு நின்ன நேரம். பள்ளி திறந்த பிறவும் பிள்ளைய போகல்ல. போனதுகளும் சும்மா உக்காந்திருந்துது.

அப்பம் ஒரு சிஸ்டர் (கன்னியாஸ்திரி) எங்க கோயில் வராந்தாவுல சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வச்சு, தாளும் கலரும் குடுத்து வரையச் சொன்னாங்க. பாடம் ஒண்ணும் எடுக்கல்ல. வரைஞ்சதைப் பத்தி யாராவது பேசினா கேட்டுக்கிட்டு இருந்தாங்க. எல்லாப் பிள்ளையும் வள்ளம்தான் வரைஞ்சுது. மாசம் ஒண்ணு போன பிறவுதான் மெதுவா வாசிக்க வச்சாங்க. எங்களை மாதிரி பெரிய பிள்ளைகளையும் கூட இருக்க வச்சது, எங்களுக்கும் உக்கார ஒரு இடம் வேணும்னுதான்னு இப்பம் தெரியுது.

இப்பம் நான் எங்க ஊர் நூலகத்துல சாயந்தரம் பிள்ளைகளைப் பாத்துக்கிடுகேன். சாதாரண மழை லீவுக்கு டீச்சர் சொன்னது எல்லாம் பொருந்தும். பேரிடர் லீவுக்குப் பொருந்தாது. ரெண்டையும் ஒண்ணாக்கி “லேர்னிங் லாஸ்” (கற்றல் இழப்பு) ன்னு கணக்கு எடுக்க வர்றவங்களைப் பார்த்தா எனக்குக் கோவம் வரும்.

நிர்வாகி | வெள்ளி, காலை 10:00

லீவு விட்டது சரியா தப்பா, எந்தக் கட்சி ஆட்சியில எவ்வளவு லீவுன்னு எழுதின பதிவுகளை எடுத்தாச்சு. அதுக்கு வேற இழை இருக்கு.

தொடுவெட்டிக்காரி | வெள்ளி, இரவு 10:15

நடந்ததைச் சொல்லுகேன்.

மாமியாரும் மோளும் கடை விளையாடி, இப்பம் 500-ல இருந்து கழிக்க வருது. மாமியார் கடைக்காரியா இருந்து சில்லறை இல்லன்னு சண்டை போடுகாங்களாம். வாசிக்கும்போது கதை முடிஞ்சா “பிறவு?” ன்னு கேக்காங்களாம், இவ புத்தகத்துல இல்லாததை எல்லாம் சேர்த்துச் சொல்லுகா.

மோன்தான் முரண்டு. அரையும் காலும் கேட்டேன், டீச்சர் சொன்ன ஆறுல ரெண்டு வந்துது. தங்கச்சிக்குச் சொல்லிக் குடுன்னா “எனக்க வேலை இல்ல” ன்னான். ராத்திரி அவனுக்க அப்பா போன்ல பேசினாங்க. என்ன பேசினாங்கன்னு தெரியல்ல. இன்னைக்கு சப்பாத்தியை நாலா கிழிச்சுத் தங்கச்சி முன்னால வச்சு என்னமோ சொல்லிக்கிட்டு இருந்தான். அவ கால் பங்கை எடுத்துத் தின்னுட்டா, அதுக்கு ஒரு சண்டை.

வீட்டுக்காரருக்கு அங்க வேலை முடியும்போது இங்க ராத்திரி எட்டு தாண்டும். நான் கறி வைக்கிற நேரத்துல மோள் அப்பாவுக்கு ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டட்டும்னு வச்சிருக்கு. அவரும் “நீ சொன்னது சரியாக் கேக்கல்ல, திரும்ப வாசி” ன்னு சொல்லுகார். லைன் தெளிவாத்தான் இருக்கு, சும்மா சொல்லுகார்.

இனி ஸ்கூல் காரியம். நான் பிடிஎஃப் எழுதி அனுப்பாததுக்கு “உங்கள் குழந்தை நிலுவை” ன்னு குரூப்புல எல்லாருக்கும் முன்னால போட்டுட்டாங்க. கிளாஸ் டீச்சர் சின்னப் பெண்ணு, அதுக்கு மேல இருந்து வர்ற நெருக்கடின்னு தெரியும். சண்டை போட மனசு இல்ல. என்ன எழுதலாம்?

வேர்க்கிளம்பி_டீச்சர் | சனி, காலை 6:40

குரூப்புல எழுதாதே. தனியா அனுப்பு. இப்படி:

“வணக்கம் டீச்சர். வீட்டில் ஒரே போன், அது பகலில் என்னோடு இருக்கிறது. பிடிஎஃப் எழுதி அனுப்ப இரவு பத்து மணி ஆகிறது, குழந்தை தூங்கிவிடுகிறாள். அதற்குப் பதிலாகத் தினமும் அவள் ஒரு நிமிடம் வாசிப்பதை ஆடியோவாக அனுப்பட்டுமா? கணக்குக்கு நீங்கள் ஒரே ஒரு கேள்வி சொல்லுங்கள், அதைப் போட்டு நோட்டில் வைக்கிறோம், பள்ளி திறந்ததும் பாருங்கள்.”

முப்பது பிள்ளைக்கு ஒரு நிமிஷம்னா அரை மணி நேரம். முப்பது பிடிஎஃப் போட்டோவைப் பெரிசாக்கிப் பார்க்கதை விட அந்தப் பெண்ணுக்கும் இது லாபம். கேட்டா யாருக்கு வாசிக்க வரல்லன்னு அன்னைக்கே தெரிஞ்சு போகும். மேல கேட்டா காட்டதுக்கு ஆடியோவும் இருக்கும்.

தொடுவெட்டிக்காரி | சனி, இரவு 9:30

அனுப்பினேன் டீச்சர். சாயந்தரம் பதில் வந்துது. ஆடியோ சரியாம், ஆனா தினமும் வேண்டாம், திங்களும் வியாழனும் போதும்னு சொல்லிச்சு. நிலுவைன்னு போட்டதை எடுத்துட்டாங்க. கணக்குக் கேள்வியும் ஒண்ணு வந்திருக்கு: 600-ல இருந்து 247.

353-ன்னு போட்டா மோள், நோட்டை மாத்தாமலே. மோன் பக்கத்துல இருந்து “சரி பாக்கணும்னா கூட்டிப் பாரு” ங்கான்.